மண் வைத்து அடைத்த வாசல்

என்னோடு வேலை பார்த்த வசந்தா அக்கா போய்விட்டார் என்ற செய்தி கடலூரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நான் அவர்மீது கோபமாக இருந்தேன். அவர் தினமும் வரும் சிதம்பரம் பஸ் வந்து அரைமணி நேரமாகியும் ஆளைக் காணோம். மாதாந்திர அறிக்கை அவரிடம்தான் இருந்தது. போனில் அவர் மகள் கயல்விழி, "சித்தி, அம்மாவுக்கு விடியகாலைல நெஞ்சு வலிச்சுது... போயிட்டாங்க சித்தி" என்றாள். அன்று அழுதேன். இதை அழுதுகொண்டு எழுதவில்லை, வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்தவர்களே, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கணவரை இழந்து, ஒற்றைச் சம்பளத்தில் மகளை வளர்த்தவர், 2006-ல் சிதம்பரத்தில் வீடு கட்ட இறங்கினார். செலவுக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் அஸ்திவாரம், அடுத்தது கூரை, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், பிறகு கயலுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. பூச்சும் பெயிண்டும் கடைசி. அறைக்குச் சுவர் எழுப்பப் பணம் போதாது என்று தெரிந்தும் அதற்கும் சேர்த்தே அஸ்திவாரம் போட்டார். களிமண் பூமியில் பிற்பாடு சுவரை ஒட்டித் தோண்டினால் வீடு விரிசல் விடும் என்று விசாரித்து வைத்திருந்தார். அவருடைய தம்பி குதித்தார்.

"இல்லாத ரூமுக்கு யாராச்சும் அஸ்திவாரம் போடுவாங்களா? காச மண்ணுல பொதைக்கிற."

"செவுத்த அப்பறம் ஏத்திக்கலாம்டா. அஸ்திவாரத்த அப்பறம் போட முடியாது" என்றார் அக்கா.

அந்த அறைக்குப் போகும் வாசலையும் ஹாலின் பின்சுவரில் அப்போதே விட்டு, மேலே சுவரைத் தாங்க லிண்டலும் போட்டாயிற்று. அறை வரும்வரை அதை அடைத்து வைக்க வேண்டும். மேஸ்திரி சிமெண்ட் குழைத்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். "வேணாம் மேஸ்திரி, மண்ண வச்சே கல்ல அடுக்குங்க. இடிக்கறப்ப நாலு தட்டுல வந்துடணும்" என்றார் அக்கா. மழைக்குக் கரையும் என்றார் மேஸ்திரி. கரைந்துதான் போனது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அக்காவே மண் குழைத்து அந்த இடுக்குகளை அப்பினார்.

ஆறு வருடம் அந்த வீடு பூசாமல் செங்கல்லாகவே நின்றது. முகப்பை மட்டுமாவது பூசுங்கள் என்று நானும் வாய் ஓயாமல் சொன்னேன். "பாக்கறவங்க ரோட்டுலேருந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. உள்ள படுக்கறது நாங்கடி" என்பார். எங்கள் வீட்டில் நாங்கள் போர்டிகோவுக்குச் செலவழித்துவிட்டு மாடிக்குத் தகரம் போட்டிருந்தோம். போன மார்கழியில் அடித்த தானே புயல் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. பார்க்க வந்த அக்கா ஈரப் பாய்களை எல்லாம் தாண்டி வந்து, "போர்டிகோ மட்டும் ஜோரா நிக்குது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் காபிகூடக் கொடுக்கவில்லை.

இந்த வருடம்தான் அந்த அறைக்கென்று போட்ட சீட்டை எடுத்தார். செங்கல் வந்து இறங்கியது. கயல் ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிப்டு பார்க்கிறவள்; பகலில் தூங்க அவளுக்கு அந்த அறை வேண்டும். ஆனால் மேஸ்திரி ஆடியில் வேலை தொடங்க மாட்டேன் என்றார். "ஆடி கழியட்டும் மேடம்." ஆடி கழியும் முன் அக்கா போய்விட்டார்.

மூன்றாம் நாளே தம்பி அந்தச் சீட்டுப் பணத்தைக் கயலிடம் கேட்டு வாங்கினார். "காரியத்துக்கு நாலு பேரு வருவாங்க. செங்கல்லு பல்லக் காட்டிக்கிட்டு நின்னா எனக்குதான அசிங்கம்?" எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதுதான். பதினாறாம் நாளுக்குள் முகப்பும் ஹாலும் சிமெண்ட் பூசி, பச்சைப் பெயிண்ட் அடித்து மினுங்கின; பூச்சு வேலைக்கு மட்டும் ஆடி குறுக்கே வரவில்லை. வந்த நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இப்பதான் வூடு மாதிரி இருக்கு" என்றீர்கள். நான் மட்டும் என்ன யோக்கியமா? வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் பஸ் ஏறினேன்.

போன வாரம் போயிருந்தேன். பெண்ணுக்குத் துணை என்று சொல்லித் தம்பி குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டார். ஹாலில் டிவி அலறுகிறது. பகல் பதினொரு மணிக்குக் கயல் அடுப்படித் தரையில், முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து வந்து ஹால் சுவரைத் தடவிக் காட்டினாள்.

"வாசல் எங்க இருந்துச்சுன்னே தெரியல சித்தி."

நான் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. தம்பி, "என்னம்மா பண்றீங்க, பெயிண்ட் போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். அங்கேயே கரித்துண்டால் கதவளவுக்குக் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் வைத்த வரிசைதான். உள்ளே படுக்கிறவர் முதலில், ரோட்டிலிருந்து பார்க்கிறவர் கடைசி. ஆவணி பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வருகிறார். செங்கல் இருக்கிறது, மற்றதற்கு, எங்கள் மாடிக் கூரைக்காகச் சேர்த்ததைக் கயலிடம் கொடுத்துவிட்டேன். தர்மம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அந்த ஹாலில் சாப்பிட்ட சோற்றுக்கு அது என் பங்கு. நீங்களும் சாப்பிட்டீர்கள்.