கேட் பாஸ் வராத காலை

எங்கள் கம்பெனிக்குள் வருவது சுலபம். விரலை வைத்தால் போதும். ஷிப்ட் நடுவில் வெளியே போகத்தான் பாஸ் வேண்டும். அந்தப் பாஸைத் தருவது, பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு பழைய ஸ்கிரிப்ட். அதைப் பராமரிப்பவன் நான். என்றோ ஒரு மீட்டிங்கில் "பெர்ல் கொஞ்சம் தெரியும்" என்று வாயை விட்டதன் பலன். கொலையை ஒப்புக்கொண்டிருந்தால்கூட இதற்குள் விடுதலையாகியிருப்பேன். கையால் எழுதிய பாஸ் செல்லாது என்ற விதியும் நான் எழுதிக்கொடுத்ததுதான்.

அன்று மேனேஜர் கேட்டாரென்று, 'வெளியே போகும் காரணம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பக்கத்தைத் திறந்தால் ஐந்நூறாம் எண் பிழை. சர்வருக்குள் ஏதோ தகராறு, அதற்கு மேல் கேட்காதே என்கிற தொனி. பழைய பிரதி? அதன் மேலேயேதான் எழுதியிருந்தேன்.

அசெம்பிளி லைனில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்டில் இருக்கும் மண்ணூர்ப் பெண் ஒருவர் வந்து நின்றார்.

"பாஸு சார். பல் டாக்டராண்ட போணும்."

"மக்கர் பண்ணுதும்மா. நாளைக்குப் போகலாமே?"

கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பல்லு நல்லாத்தான் கீது சார். பிள்ளைப்பாக்கத்துல ஒரு கம்பெனில இன்டர்வியூ. பர்மனென்ட் வேல. பன்னெண்டுக்கு அங்க இருக்கணும், வுட்டா அவ்ளோதான். யாராண்டயும் சொல்லிடாதீங்க."

மணி பத்தே முக்கால்.

முதலில் அனுமதியைப் பார்த்தேன். கோப்புக்கு இயங்க அனுமதி இருந்தது, எங்களுக்குத்தான் இல்லை. புது வரி ஒன்றில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டேன். பிழை அசையவில்லை. சர்வரின் பிழைப்பதிவைத் திறந்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. கோப்போ என் கண்ணெதிரே. தத்துவப் புத்தகங்களில் இந்த மாதிரி இடங்களை ரசித்துப் படித்திருக்கிறேன்.

"இன்னா சார், பாத்துக்கினே கீறீங்க?"

கையால் எழுதித் தந்தால் விடுவாரா என்று கேட்டுக்குப் போன் செய்தேன். "நானா சார் மாட்டேன்றேன்?" என்றார் செக்யூரிட்டி. "ரூல் நீங்க போட்டது. செவுத்துல ஒட்டிக்கீது, படிச்சுக் காட்டட்டா?"

வேண்டாம் என்றேன். நடை மோசமென்று எனக்கே தெரியும்.

பதினொன்றே கால். அவர் பொறுமை இழந்தார். "இன்னிக்கு இன்னா புச்சா செஞ்சீங்க? லைன்ல ஃபால்ட்டு வந்தா நாங்க மொதல்ல அதத்தான் பாப்போம்."

புதிதாக? எப்போதும் சர்வரிலேயே திருத்துவேன். அன்று சோம்பல்பட்டு, மேசையிலிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் திருத்தி ஏற்றியிருந்தேன். அது ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை ஒட்டிவிடும். முதல் வரியில்தான் பெர்ல் எங்கே இருக்கிறதென்ற முகவரி. எங்கள் லினக்ஸ் சர்வர், அந்தக் குறியையும் முகவரியின் வாலாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு பெர்லைத் தேடிப் போய், இல்லையென்று திரும்பியிருக்கிறது.

ஒரே கட்டளையில் எல்லா வால்களையும் நறுக்கினேன். பக்கம் வந்தது. காரணம்: பல். அச்செடுத்து நீட்டியதும் வாங்கிக்கொண்டு ஓடினார். நன்றி சொன்னாரா என்று நினைவில்லை.

அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. கடைசி நாளில் வந்து, "அங்கயும் கம்ப்யூட்டருக்கு ஆள் தேடுறாங்க சார். வர்றீங்களா, கேக்கறேன்" என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடையில் மேனேஜர், ஷிப்ட் பஸ் லிஸ்ட்டையும் அதே ஸ்கிரிப்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.