வண்டு வழி மாறியது என்னாலல்ல

பூச்சிக்கு வாசனை காட்டும் வேலையில் என் பெயரைக் கெடுத்தவர் சூப்பர்வைசர் சதாசிவம். தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உதவியாள். காராமணி முற்றும்போது காயிலிருந்து ஒரு வாசனை வரும். நம் மூக்குக்கு எட்டாது, பயறு வண்டுக்கு எட்டும். அதைப் பிடித்துக்கொண்டே வந்து காயின்மேல் முட்டையிடும். எந்த வாசனை அதை இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. செய்யாத குற்றத்துக்கு அதிகாரியிடம் திட்டு வாங்கியவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வண்டு வாங்கப் போனது

வண்டு தீர்ந்துவிட்டால் மயிலாப்பூர் மளிகைக்கடைகளுக்கு நான்தான் போக வேண்டும். ஒரு பாய் கடையில் கூட்டமிருந்த நேரத்தில், "வண்டு விழுந்த காராமணி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். காராமணிக்காக நின்ற மாமி பையை மடித்துக்கொண்டு நடையைக் கட்டினார். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, எதிர்க்கடைக்காரன் அனுப்பிச்சானா உன்ன?"

பூ வேண்டாம்

சோதனை அறைக்குள் வேறு வாசனை எதுவும் வரக்கூடாது. பவுடர், தலைக்கு எண்ணெய், ஊதுபத்திப் புகை பட்ட சட்டை எல்லாம் தடை. மல்லிகை வாசனை என் சட்டையில் ஏறிவிடும் என்று, வேலை நாட்களில் பூ வைக்காதே என்று மனைவி ராஜேஸ்வரியிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. ராயப்பேட்டையில் எங்கள் சந்துக்கு வரும் பூக்காரியிடம் மட்டும் சொன்னாள். "என் வூட்டுக்காரு வண்டுக்கு வாக்கப்பட்டுக்கீறாரு. எனக்கு எதுக்குக்கா பூ?"

எல்லார் முன்னாலும்

மரக்கிளை போல இரண்டாகப் பிரியும் கண்ணாடிக் குழாயில் வண்டை விடுவோம். ஒரு கிளையில் காராமணிக் காய் மேல் பட்டு வரும் காற்று. மறு கிளையில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வரும் வெறும் காற்று. வண்டு பிரியும் இடத்தில் நின்று, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுக் காய்ப் பக்கம் போகும்.

ஒரு வாரம் எல்லாம் தலைகீழானது. வண்டுகள் வெறும் காற்றுப் பக்கமே போயின. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. சதாசிவம் எல்லாரையும் கூப்பிட்டு, நடுவில் என்னை நிறுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தாயா என்று கேட்டார். எண்ணெய் வைப்பதை விட்டே பல மாதம் ஆகிறது என்றேன். குனிந்து என் தலையை முகர்ந்தார். "எண்ணெய் இல்லய்யா, உன் உடம்பு நாத்தம். அதான் வண்டு மிரளுது. இனிமே இந்த ரூம் பக்கம் வராத."

ஜன்னலுக்கு வெளியே

என்னைத் தோட்ட வேலைக்குத் தள்ளினார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நானும் தேய்த்துத் தேய்த்துக் குளித்துப் பார்த்தேன். அடுத்த வாரமே வண்டுகள் ஒழுங்காகப் போயின. "அவனை வெளிய போட்டதும் சரியாச்சு, பாத்தீங்களா?" என்று சதாசிவம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டக்காரன் மாரிதான் மனசு கேட்காமல் என்னை ஓரமாகக் கூட்டிப்போனான். "அண்ணே, அந்த ஜன்னலுக்குக் கீழ காராமணிக் காய குவியலா காயப்போடச் சொன்னதே அவருதான். அந்த வாசனதான் ஜன்னல் காத்தோட குழாய்க்குள்ள போயிக்குது. உன்ன வெளிய போட்ட அன்னிக்கு வந்து பாத்தாரு, மூஞ்சி செத்துப்போச்சு. 'எடுத்துடு, வாயத் தொறக்காத'ன்ட்டு போய்க்கினே இருந்தாரு."

பஸ் நிறுத்தம்

சொன்னால் மாரியின் வேலை போய்விடும் என்று அப்போது அடங்கிவிட்டேன். அந்த அறைக்குள் மறுபடி என்னை விடவே இல்லை. மாரி வேறு வேலை தேடிக்கொண்டு போன பிறகு, சதாசிவத்தை மயிலாப்பூர் குளத்துப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். "ஜன்னலுக்குக் கீழ காய் கெடந்தது எனக்குத் தெரியும் சார். எல்லார் முன்னாடியும் வேணாம், என்கிட்ட மட்டுமாவது 'உன்னால இல்ல'ன்னு சொல்லுங்க" என்றேன். அவர் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து நீட்டினார். "எந்த ஜன்னல்ப்பா? அதெல்லாம் விடு. பொண்ணுக்குக் கல்யாணம், தி. நகர்லதான், குடும்பத்தோட வந்துடு."

நான் போகவில்லை, பாக்கி அவர் பக்கம் இருக்கும்போது நான் எதற்கு மொய் வைக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.