நான் ‘சரி’ போட்ட மசாலாப் பொடி

எதிர்வீட்டுப் பெண் பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கிறாள். முதல் வருஷம் முடித்து லீவுக்குச் செஞ்சிக்கு வந்திருந்தவள், திரும்பிப் போக ஐந்து நாள் இருக்கும்போது தன் அம்மாவுடன் என் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு பக்கத் தாள். கல்லூரி மின்னஞ்சலில் அனுப்பியதைத் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்திருந்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

“இவளே படிச்சிச் சொன்னாக்கா. ஆனா இவ பாதிய முழுங்கிடுவா. நீங்க முழுசா சொல்லுங்க” என்றார் அம்மா.

சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள் நான். ஏஜென்சிகள் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் பெரும்பாலும் என் வேலை. கணவரின் மாற்றலோடு செஞ்சிக்கு வந்து, அவர் ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே இருந்துவிட்டோம். எங்கள் தெருவுக்கு வரும் ஆங்கிலத் தாள் எதுவானாலும் ஒரு தடவை என் மேஜைக்கு வந்துதான் போகும்.

தாளில் இருந்தது இதுதான். கல்லூரி எப்போது வேண்டுமானாலும், யாரை வேண்டுமானாலும், போதைப் பொருள் பரிசோதனைக்கு அழைக்கும். அதற்குப் பெற்றோருக்குச் சம்மதம். அந்த நாட்டுச் சட்டம் மாணவர்களை இப்படிச் சோதிக்க அனுமதிக்கிறது. அழைத்தால் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும்.

“டிரக் டெஸ்ட்டுன்னா மருந்து டெஸ்ட்டா? காய்ச்சல் மாத்திரை போட்டாக்கூடப் புடிப்பாங்களா?”

“மருந்து இல்லம்மா, போதை. கஞ்சா, அபின், அந்த மாதிரி” என்றாள் பெண்.

“எம் பொண்ணக் கூப்ட்டு கஞ்சா குடிச்சியான்னு கேப்பாங்களா? நான் வருஷா வருஷம் ஸ்கூல்ல கைய நீட்டி உறுதிமொழி எடுக்குறவ.”

அவர் அரசுப் பள்ளி ஒன்றின் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறார். போதை ஒழிப்பு நாளன்று ஆசிரியர்களோடு வரிசையில் நின்று உறுதிமொழி சொல்வது உண்மைதான். அவர் கணக்கில் போதை என்றால் சாராயம், குட்கா, கஞ்சா. மூன்றுக்கும் தன் வீட்டில் இடமில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. கணவர் டிராக்டர் மெக்கானிக், வெற்றிலைகூடப் போடுவதில்லை.

கையெழுத்தானது. பெண் அங்கே இருக்கும் இடத்தைப் பற்றி அப்போது கொஞ்சம் சொன்னாள். அவள் தங்கியிருக்கும் தெருவின் முனையில், இது போதை நீங்கிய பகுதி என்று ஒரு போர்டு வைத்திருக்கிறார்களாம். வார்டு அலுவலகத்தில் முன்பு, போதை பழகியவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்ததாம். அதைப் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

அந்தப் பட்டியல்களை நான் செய்தியாகப் படித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் அந்த நாட்டில் போதைக்கு எதிராக நடந்த போலீஸ் வேட்டையில் ஆட்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்திகள் வாரா வாரம் வந்தன. ஒரு முழம் நீளத்துக்கு வரும் செய்தியை உலகச் செய்திகள் பக்கத்தில் ஒற்றைப் பத்திக்குள் அடக்குவேன். எண்ணிக்கை நிற்கும். மற்றதெல்லாம் வெட்டுப்படும்.

அன்று மாலையே அந்த நாட்டுப் போதைச் சட்டத்தை இணையத்தில் எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை, பழக்கம்தான். எதை எடுத்துப் போகலாம், எது கூடாது என்று ஒரு பட்டியல் எழுதித் தருவதாகப் பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இருமல் டானிக்: வேண்டாம். சித்த வைத்தியர் கொடுத்த லேகியம்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை, வேண்டாம். அவள் அப்பாவின் முதுகுவலி மாத்திரை: டாக்டர் சீட்டு இல்லாமல் கூடாது. எலுமிச்சை ஊறுகாய்: சரி. முறுக்கு: சரி. மசாலாப் பொடி, மூன்று பொட்டலம்: சரி.

மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நான், மசாலாவில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

கிளம்பும் நாள் காலை ஏழு மணிக்குக் கார் வந்தது. பெண்ணும் அவள் அப்பாவும் ஏறினார்கள், சித்தப்பா ஓட்டினார். அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, திண்டிவனம் போவதற்குள் வாந்தி வந்துவிடும். அதனால் தெருவிலேயே நின்று அனுப்பிவைத்தார். கார் திரும்பிய பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எட்டரை மணிக்கு ஒரு தூக்கில் இடியாப்பமும் குர்மாவும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்.

குர்மா நன்றாக இருந்தது. சொன்னேன்.

“அவளுக்குக் குடுத்தனுப்புன பொடிதான்க்கா. தண்ணியில கரைச்சி ஊத்தி ஒரு கொதி வந்தாப் போதும், தேங்காகூட வேணாம். கசகசாவ நல்லா வறுத்து, கொஞ்சம் அதிகமாவே போட்டு அரைச்சிருக்கேன். அது இல்லன்னா கொழம்பு தண்ணியா நிக்கும்.”

இடியாப்பம் கையில் இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

அந்தச் சட்டத்தின் தொடக்கத்தில் சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதி ஒன்று உண்டு. அதில் ஓபியம் பாப்பி என்ற செடிக்கு ஒரு பத்தி. செடியின் எந்தப் பகுதியும் அதில் அடங்கும், விதையும் அடங்கும், அலங்காரத்துக்கோ சமையலுக்கோ வைத்திருந்தாலும் அடங்கும். படித்தபோது என் மனதில் வந்தது ஏதோ ஒரு காலண்டரில் பார்த்த சிவப்புப் பூ. ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன். அதன் விதைக்குத் தமிழில் கசகசா என்று பெயர். என் சமையலறையிலேயே ஒரு டப்பாவில் இருக்கிறது. ஆயிரம் செய்திகளைத் தமிழாக்கியவள் இந்த ஒரு சொல்லைத் தமிழாக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் அந்தச் செடியின் காயையும் தண்டையும் பிடித்துவைத்துக்கொண்டு விதையை மட்டும் விலக்கிவிடுகிறது. அதனால்தான் செஞ்சிக் கடைவீதியில் எந்த மளிகைக் கடையிலும் கசகசா கேட்டால் கிடைக்கிறது. அங்கே விலக்கு இல்லை. நாட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சட்டம் சொல்லும் தண்டனை ஆயுள் சிறை. ஒரு மசாலாப் பொட்டலத்துக்கு அந்த அளவுக்குப் போவார்களா, தெரியாது. பறித்துப் போட்டுவிட்டு அனுப்பிவிடலாம். ஆனால் பத்தொன்பது வயதுப் பெண், வெளிநாட்டுப் பாஸ்போர்ட், கல்லூரிக்கு ஒரு தகவல் போனால் போதும், படிப்பு நின்றுவிடும்.

சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

“அது துபாய்லக்கா. கசகசா ஆவாதுன்னு எங்க ஓர்ப்படி மவன்கூட சொல்லியிருக்கான். அவங்க சாராயமே கூடாதுன்றவங்க, சாமி விஷயம். பிலிப்பைன்ஸ்ல எல்லாந்தான துன்றாங்க. பன்னி துன்றாங்க, மாடு துன்றாங்க. கசகசா மட்டும் இன்னா பண்ணுச்சி?”

“சாமி விஷயம் இல்ல. அபின் செடியோட விதை அது.”

“அபினா?” அவர் சிரிப்பு நின்றது. “எம் மசாலாவ அபின்றீங்களா?”

நான் பெண்ணுக்குப் போன் போட்டேன். கார் மேல்மருவத்தூர் தாண்டியிருந்தது. பெண் எடுத்தாள்.

“போன வருஷமும் எடுத்துட்டுப் போனேனே ஆன்ட்டி. ஒண்ணும் கேக்கல.”

“கேக்காம விட்டது போன வருஷம்.”

அவள் காரை நிறுத்தச் சொல்வது கேட்டது. அவள் அப்பாவின் குரல்: “மேடம், மூணு பொட்டலமும் மேலாலதான் இருக்குது. எடுத்துட்டேன். பொட்டி பூட்டியாச்சி.” அவர் அதிகம் பேசாதவர். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

நான் போனை வைத்தேன். பெண்ணின் அம்மா இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். என் கையெழுத்து. மசாலாப் பொடி, மூன்று பொட்டலம்: சரி.

“நீங்கதானக்கா எழுதிக் குடுத்தீங்க.”

“ஆமாம். தப்பு என்னுதுதான்.”

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் சின்ன எழுத்தில் ஒரு திருத்தம் போடுவோம். இங்கே அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

தூக்கை மூடினார். எழுந்து போகவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். என் மேல் உள்ள கோபம் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “நாலாவது ஒண்ணு இருந்தா?”

“எங்கே?”

“நீலப் பொட்டியில. அவ நைட்டிக்குள்ள சுருட்டி, அதும்மேல ஒரு டவல் சுத்தி வச்சேன். மூணே வெயிட்டுன்னு கத்துனா. சொன்னா எடுத்துப் போட்டுடுவான்னு சொல்லல.”

மேலே கிடந்த மூன்று பொட்டலத்தைச் சமையல் சாமான் என்று காட்டியிருக்கலாம். துணிக்குள் துணி சுற்றி ஒளித்து வைத்த ஒன்றை என்னவென்று காட்டுவது? பெட்டிக்குச் சொந்தக்காரிக்கே அது இருப்பது தெரியாது. அவள் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கே அதற்குள் புரிந்திருந்தது.

அப்பாவின் போன் முழுதாக அடித்து ஓய்ந்தது. பெண்ணின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. சித்தப்பா வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். மாறி மாறிப் போட்டோம். ஒன்பதரைக்கு எடுக்கவில்லை. பத்துக்கு எடுக்கவில்லை. “எடுக்குறானா பாரு அந்த ஆளு. ஊரு டிராக்டருக்கெல்லாம் போன எடுப்பான்” என்று புருஷனைத் திட்டினார். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டார்.

பத்தரைக்கு அப்பா எடுத்தார். விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெண் உள்ளே போய்விட்டாள்.

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். “யோவ், அவளுக்குப் போன் போடு. பொட்டியக் குடுக்க வேணாம்னு சொல்லு. நீலப் பொட்டி. குடுக்க வேணாம்னு சொல்லுய்யா!”

அதற்குள் நான் என் கணவரின் போனில் பெண்ணைப் பிடித்திருந்தேன். பெட்டிகளை எடை போடும் வரிசையில் இருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர். வரிசையை விட்டு விலகி, ஓரமாகத் தரையில் உட்கார்ந்து நீலப் பெட்டியைத் திறந்தாள். ஜிப் இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. “டவல் இருக்குது. நைட்டி... அய்யோ அம்மா. ஒரு கிலோ இருக்கும் ஆன்ட்டி இது.”

அவள் வாசல் வரை திரும்பி வந்தாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். காவலரிடம் சொல்லிவிட்டுப் பொட்டலத்தைக் கை மாற்றினார்கள். காவலர் முகர்ந்து பார்த்து, “வீட்டு மசாலாவா? ஏன்மா வாணாம்ன்ற?” என்று கேட்டாராம். அவள் வெயிட் அதிகம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாளாம்.

நான்கு பொட்டலமும் பிற்பகல் செஞ்சிக்குத் திரும்பின. பெண் மறுநாள் போய்ச் சேர்ந்தாள். அங்கே சுங்கத்தில் அவள் பெட்டிகளை யாரும் திறக்கவில்லை.

அம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது. தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். “தொறக்கவே இல்லியாம்க்கா. நாம இங்க ஆளாளுக்கு டென்ஷனாயி, வண்டிய நிறுத்தி, பொட்டியக் கலைச்சி. எம் பொண்ணு வாரத்துல மூணு நாளு நூடுல்ஸ் துன்னுக்கினு கெடக்குறா.” காய்கறிக்காரரிடமும் சொன்னார்: “எங்க பேப்பர்கார அக்கா இருக்காங்களே, அவங்களுக்கு மசாலாவப் பாத்தாகூட அபினாத் தெரியும்.” நான் மறுத்துப் பேசவில்லை. நடக்காத ஒன்றுக்கு நான் எங்கே போய் ஆதாரம் காட்டுவது? திரும்பி வந்த பொடியில் பாதியை எனக்கே கொடுத்தார். நாங்கள் அதை இரண்டு வாரம் சாப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பெண் வீடியோவில் அழைத்தபோது நான் எதிர்வீட்டில் இருந்தேன். அம்மா வழக்கம்போல அந்தப் பேச்சை எடுத்தார். “உங்க டீட்டாகிட்டச் சொன்னியாடி? சிரிச்சாங்களா?” டீட்டா என்பது அந்த ஊரில் அத்தை மாதிரி, பெண் வீட்டுக்காரம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“சொன்னேன். சிரிக்கல.”

“இன்னா சொன்னாங்க?”

“ஜன்னலச் சாத்திட்டு வந்தாங்க. இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத, ஃப்ரெண்ட்ஸ்கிட்டகூட சொல்லாதன்னாங்க. அப்பறம் அவங்களே சொன்னாங்கம்மா. அவங்க தம்பி பேரு அந்த லிஸ்ட்ல இருந்துச்சாம். எப்பவோ ஒரு தடவ ஏதோ யூஸ் பண்ணியிருக்கான், அப்பறம் விட்டுட்டானாம். சும்மா விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்களாம். பாடியத்தான் குடுத்தாங்களாம்.”

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தையே பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“தம்பிக்கு இன்னா வயசு?” என்று கேட்டார்.

“கேக்கலம்மா. ஃபோட்டோ மாட்டி வச்சிருக்காங்க. சின்னப் பையனாட்டம்தான் இருக்கான்.”

“அந்தம்மா தனியாதான் சாப்புடுதா?”

“ஆமா.”

“ஒரு நாளு குர்மா வச்சிக் குடு அவங்களுக்கு” என்றார். பிறகு, குரலை இறக்கி, “கசகசா போடாத. முந்திரி அரைச்சி ஊத்து.”