பழுப்புப் பறவைகள்

அண்ணனையும் தம்பியையும் கட்டிய ஓரகத்திகள் இருவரும் சேர்ந்துதான் அந்த வெப்பமண்டலப் பறவைக் கையேட்டுக்குப் படம் வரைந்தார்கள். சிவப்பும் நீலமுமாக ஆண் பறவைகள் எல்லாம் மூத்தவளுக்கு. பெண் பறவைகள் இளையவளுக்கு.

"பழுப்புதானே, உனக்கு சுலபம்" என்பாள் மூத்தவள்.

இளையவளுக்கு வயிறு எரியும். பன்னிரண்டு விதப் பழுப்பைக் குழைத்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். அட்டைப்படம் மூத்தவளுடையது. பெண் பறவைகளைப் புத்தகத்தின் பின்பாதியில் தள்ளிவிட்டார்கள்.

காடு காடாகப் பறவை பார்த்து அலைகிறவர் ஒருவர் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தார். மூத்தவள் பேனாவோடு புத்தகத்தைப் புரட்டினாள். முன்பாதி மடிப்புக் கலையாமல் இருந்தது. பின்பாதிதான் வியர்வையும் சேறும் பட்டு நைந்துபோயிருந்தது.

"ஆண் பறவை பார்த்ததுமே தெரிஞ்சிடும்மா. இந்தப் பழுப்புங்கதான் ஒண்ணு மாதிரியே இருந்து உயிரை வாங்கும். இதை வரைஞ்சவங்க யாரு?"

மூத்தவள் பேனாவை இளையவளிடம் நீட்ட வேண்டியதாயிற்று.

அவர் போனதும் மெல்ல ஆரம்பித்தாள். "அடுத்த பதிப்புல பெண் பறவை பாதியை நான் வரையறேனே."

இளையவள் தூரிகையை நிதானமாகக் கழுவினாள்.

"வெறும் பழுப்புதானேக்கா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"