தரை டேப்

எனக்குத் தட்டைப் பாதம். ஈரக்காலோடு நடந்தால் செங்கல் வைத்து எடுத்த மாதிரி தடம் விழும். கம்பெனி விளையாட்டு விழா ஓட்டத்துக்காகச் சோழவரம் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்ததும் உள்ளங்கால் வலித்தது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி டேப் ஒட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அவர் கொடுத்த டேப் வியர்வையில் பாதி வழியிலேயே கழன்றுவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் என்னோடு வேலை பார்க்கும் ஃபிட்டரிடம் புலம்பினேன். அவன் கம்பெனித் தரையில் கோடு போடுகிற மஞ்சள் கறுப்பு டேப்பை எடுத்து வந்தான்.

"ஃபோர்க்லிஃப்ட்டே ஏறி எறங்குது. உன் காலு இன்னா பண்ணிடும்?"

விழா அன்று காலையில் என் பாதத்தைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தான். லீக் ஆகிற பைப்புக்குச் சுற்றுவதுபோல இழுத்துச் சுற்றினான். நானும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விழாவில் அந்தக் காலோடு ஓடிக் கடைசியாக வந்தேன். சாயங்காலம் அவனே வந்து டேப்பைப் பிரித்தபோது தோலும் கூடவே வந்தது.

மறுநாள் நொண்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். அவன் ஒரு மேசை நிறைய ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தோலே பிச்சிக்கினு வந்துச்சு. டேப்பு ஒரு இஞ்ச் நவுரல."

நான் எத்தனையாவதாக வந்தேன் என்று அவன் இதுவரை கேட்கவில்லை.