ஒரு பக்கம் போதும்

என் அக்கா புருவம் திருத்துகிறவள். நாத்தனாரோடு சேர்ந்து அவள் நடத்திய அழகு நிலையத்தில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. கண்ணுக்கு மை தீட்ட அக்காதான் வேண்டும் என்று பெண்கள் காத்திருப்பார்கள். நாத்தனாருக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

அக்காவின் இரண்டு கைகளும் நடுங்கத் தொடங்கியபோது, வருகிறவர்கள் காதிலெல்லாம் நாத்தனார் ஓதினாள்: "அண்ணி கொஞ்சம் குடிக்கிறாங்க. வெளிய சொல்லிடாதீங்க." அப்படிச் சொன்னால் எவள் சொல்லாமல் இருப்பாள்? அக்கா இருமல் மருந்தைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பவள். நாற்காலி நாத்தனாருக்குப் போனது, அக்காவுக்குத் துண்டு துவைக்கிற வேலை வந்தது. அத்தானோ, "குடும்பத்துக்குள்ள எதுக்குப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் ஒருநாள் இருக்கிறது.

உண்மையில் அது நரம்பு வியாதி; எந்த மாத்திரைக்கும் நடுக்கம் கேட்கவில்லை. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, மின்சாரம் கொடுத்து நடுக்கத்தை அடக்கலாம் என்றார் டாக்டர். கம்பி போகிற வழியைத் தீர்மானிக்க முதலில் படம் எடுக்க வேண்டுமாம். அந்தக் குழாய் இயந்திரம் தடதடவென்று அடித்து ஓய்கிற வரை அக்கா தலையை அசைக்காமல் கிடந்தாள்.

"உள்ள எப்படிக்கா பொறுத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"அவ மூஞ்சிய நெனச்சுக்கிட்டேன்."

டாக்டர் கம்ப்யூட்டரில் அக்காவின் மூளையைத் திறந்து காட்டினார். "இந்தப் பச்சைக் கோடுதான் கை நடுக்கத்துக்கான நரம்புப் பாதை. கம்பியோட நுனி இங்க நிக்கணும். சிவப்பெல்லாம் ரத்தக் குழாய், அதைத் தொடாம வழி போட்டிருக்கேன்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு கைக்கும் வேணும்னா ரெண்டு பக்கமும் வைக்கணும். ஆனா பேச்சுக்கான நரம்பு பக்கத்துலயே ஓடுது. ரெண்டு பக்கமும் வச்சா நாக்கு குழற வாய்ப்பு அதிகம்."

"குழறினா எப்படி இருக்கும்?"

"குடிச்சவங்க பேசற மாதிரி" என்றார் அந்த மனுஷர், ஒன்றும் தெரியாமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. எனக்குப் பிடித்திருந்தது.

"ஒரு பக்கம் போதும் டாக்டர். வலது கையும் நாக்கும் இருந்தா, நடக்க வேண்டியதை நான் பார்த்துக்கறேன்."

அறுவை சிகிச்சையின்போது விழித்திருக்க வேண்டும், பேச்சு சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். ஏதாவது பேசுங்கள் என்றதும் அக்கா நாத்தனாரைத் திட்ட ஆரம்பித்திருக்கிறாள். டாக்டர் போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

உடம்பு தேறியதும் அழகு நிலையத்துக்குப் போனோம். உள்ளே கூட்டம். நாத்தனாரின் கண் நேராக அக்காவின் இடது கைக்குத்தான் போனது.

"ஒரு கை இன்னும் ஆடுதே அண்ணி. டாக்டருக்கும் ஊத்திக் கொடுத்தீங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்கள் முகத்தையெல்லாம் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

"வலது கை சரியாயிடுச்சும்மா. வேணும்னா நீயே உக்காரு, புருவம் திருத்திக் காட்டறேன்" என்றாள் அக்கா.

நாத்தனார் உட்கார்ந்தாள். பிளேடு பட்டு ஒரு சொட்டு ரத்தம் வந்தால் போதும், அத்தனை பேரும் சாட்சி என்பது அவள் கணக்கு. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டு, "தோலை நீ இழுத்துப் பிடி" என்றாள் என்னிடம். நான் ஆசையோடு பிடித்தேன். சின்ன பிளேடு புருவத்தின் ஒரு முனையில் தொடங்கி, மறுமுனை வரை அவசரமில்லாமல் போனது. இடது புருவம் முழுசாகத் துண்டில் விழுந்தது.

கண்ணாடியைக் காட்டியதும் நாத்தனார் அலறினாள். "குடிச்சிட்டு வந்து கை நடுங்கி என் மூஞ்சியைக் கெடுத்துட்டா."

"நடுங்கியிருந்தா வெட்டியிருக்கும். தொட்டுப் பாரு, ஒரு கீறல் இருக்கா? நல்லா இருக்கற கையால, வேணும்னேதாம்மா எடுத்தேன்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கீறலே இல்லை.

"இன்னொரு புருவத்தை என்ன பண்றது?" என்று அழுதாள் நாத்தனார்.

"எனக்கும் டாக்டர் ஒரு பக்கம்தான் செஞ்சார்."

நாத்தனாரை எழுப்பிவிட்டு, அக்கா அந்த ஜன்னலோர நாற்காலியைத் துடைத்தாள். "அடுத்தது யாரு?" என்று கேட்டாள். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. சற்று முன் சிரித்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.