பெத்ரோங்கூரின் சரித்திரம் அறிந்தவர்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு பெற்றோல் ஷெட் கல்லாவில் ஒன்பது வருடம் நின்ற குகதாசனுக்கு, அருகே ஃபாரஸ்ட் கேட் பகுதியில் தன் அறைக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. ஆனால் வட பிரான்சில் பெத்ரோங்கூர் என்றொரு குக்கிராமம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கேட்டால் மனிதர் பிய்த்து உதறிவிடுவார். கேட்கத்தான் ஆளில்லை. கேட்டிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார்.

எழுபத்தொரு வீடுகள். வெள்ளைச் சுண்ணாம்பு மண். கிழக்குச் சரிவில் ஓர் ஓடை, மாரியில் மட்டும் ஓடும். முதலாம் உலகப்போரில் ஊர் தரைமட்டமாகி, தேவாலயத்தை 1924இல் சிவப்புச் செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். அந்தப் போரில் செத்த இருபத்து மூன்று பேரின் பெயர்கள் சந்தியில் ஒரு கல்லில் இருக்கின்றன; நாலு பேர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இப்போது ஆறு குடும்பங்கள்தான் உழுகின்றன. விளைவதெல்லாம் சீனி எடுக்கிற வெள்ளைக் கிழங்கு.

இவ்வளவும் அந்த ஊர் வாத்தியாரம்மா எழுதி அனுப்பியது. கிராமசபைக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பதும் அவர்தான். லண்டனில் சரித்திரம் படிக்கும் மாணவன் என்று புளுகி 1989இல் குகதாசன் ஒரு கடிதம் போட்டார். அந்த அம்மா அதை நம்பி, பதினொரு பக்கத்தில் ஊர்க் கதையைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க பிரெஞ்சு அகராதியும் கையுமாக இருந்து குகதாசன் அதை வாசித்து முடித்தார். பத்தாம் பக்கத்தில் ஒரு வரி: “1985 கார்த்திகையில் ரமணிக்லால் என்ற இந்தியர் ஒருவர் இங்கே இறந்தார், உறவினர் தெரியாது.”

அவர் ரமணிக்லாலும் இல்லை, இந்தியரும் இல்லை. குகதாசனின் அண்ணன் பாலசுப்பிரமணியன். அந்தப் பெயர் ஏஜென்ட் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டின் பெயர்.

லண்டனுக்குக் கடத்திப்போகும் லொறி வரும்வரை ஏஜென்ட் சகோதரர் இருவரையும் அந்த ஊரில் ஒரு கிழங்குக் கொட்டிலில் இறக்கிவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் அண்ணனை நெஞ்சுச் சளி கொண்டுபோய்விட்டது. பொலிஸ் வந்து ஊராரிடம் ஆளை அடையாளம் கேட்டபோது குகதாசன் வைக்கோலுக்குள் ஒளிந்து கிடந்தார். பிறகு லண்டன் வந்து சேர்ந்ததும் அறையில் கூட இருந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: “பிரான்சாலை வந்தனான் எண்டு மூச்சு விட்டிடாதையும். அங்கையே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.” அகதி விண்ணப்பத்தில், நேராக விமானத்தில் வந்ததாக எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிய பிறகு, வழியில் அண்ணன் செத்ததை யாரிடம் சொல்வது? கொழும்பில் இருக்கும் அண்ணி சிவனேஸ்வரிக்கு, “அண்ணை வழியில பிரிஞ்சு போட்டார், தேடுறன்” என்று ஒன்பது வருடமாக எழுதினார். அவள் பொட்டும் தாலியுமாகக் காத்திருந்தாள். இதை நினைத்து அவர் வெட்கப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை. கூட்டம் கூடும் இடங்களுக்குப் போவதை விட்டதும், கலியாணம் கட்டாமல் இருந்ததும் இதனால்தான்.

1994இல் நிரந்தர விசா வந்தது. அன்றைக்கே வாத்தியாரம்மாவுக்கு உண்மையை எழுதினார். பதில் மூன்று வாரத்தில் வந்தது. உரிமை கோராத குழிகளை வரும் பங்குனியில் திறந்து, எலும்புகளைப் பொதுக்குழியில் போடப் போகிறார்கள். நிறுத்த வேண்டுமானால் கூட அனுப்பியிருக்கும் படிவத்தில் உண்மைப் பெயரும், இறந்தவரின் மனைவியின் கையெழுத்தும் வேண்டும்.

இரண்டு ஞாயிறு தொலைபேசிக் கூண்டுவரை போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் ஞாயிறு காலையில் இலக்கத்தை அழுத்தி, அண்ணி “ஹலோ” என்றதும் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். 

“கொள்ளி வைச்சது ஆர்?” என்றாள்.

“கொள்ளி வைக்கேல்லை அண்ணி. குழியில தாட்டவை.”

“நீர் அங்க நிண்டனீரோ?”

“சவக்காலை மதிலுக்கு அங்கால, கிழங்குத் தோட்டத்துக்க நிண்டனான். தம்பி எண்டு சொல்லேல்லை. பயந்து போனன்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது.

“அது என்ன மாதிரி இடம்?” என்று கேட்டாள்.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். ஓடையை, செங்கல் கோயிலை, ஒரே வீட்டு நாலு பிள்ளைகளை, மழையில் வெளுக்கும் மண்ணைச் சொன்னார்.   கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அந்தக் கடுதாசியை அனுப்பும் தம்பி,” என்றாள். “நான் எந்த இடத்தில கையெழுத்து வைக்கவேணும் எண்டு பென்சிலால அடையாளம் போட்டு விடும்.”